குன்னூர் கடைக்குக் குறைந்த செலவில் பில்லிங், கணக்கு மென்பொருள்: இணையம் இல்லாத நாளிலும் வேலை நடக்க வேண்டும்

குன்னூர்_தேயிலைக்கடை எழுதியது:

வணக்கம்.

குன்னூரில் அண்ணனும் நானும் சேர்ந்து ஒரு சிறிய கடை நடத்தி வருகிறோம். கடை அண்ணன் பெயரில் தனி உரிமையாகப் பதிவாகியிருக்கிறது. பில்லும் கணக்கும் என் பொறுப்பு. தேயிலைத் தூளை மூட்டையாக வாங்கி 100, 250, 500 கிராம் பாக்கெட்டுகளாகக் கட்டி விற்கிறோம். நீலகிரித் தைலம், சாக்லேட், வர்க்கி, மிளகு ஆகியவையும் உண்டு. ஆண்டு விற்பனை 48 லட்சம் ரூபாய்க்கு அருகில் வரும்; அதில் ஏறத்தாழப் பாதி ஏப்ரல், மே சீசனிலேயே முடிந்துவிடும். வந்து வாங்கிச் சென்றவர்கள் பிறகு கொச்சியிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பார்சலில் அனுப்பச் சொல்லிக் கேட்பதால், மழைக்காலத்தில் கடை ஓடுவதே அந்தப் பார்சல்களால்தான்.

மூன்று ஆண்டுகளாக ஒரு பில்லிங் மென்பொருளுக்குச் சந்தா கட்டி வருகிறோம். பெயர் வேண்டாம். முதல் ஆண்டில் சொன்ன தொகை மூன்றாம் ஆண்டில் ஏறத்தாழ இரு மடங்காகிவிட்டது. 2025 செப்டம்பர் 22 அன்று சாக்லேட்டின் ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தபோது, எங்கள் சந்தா முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அதனால் வரி விகிதத்தை மாற்றும் பக்கமே திறக்கவில்லை. பணம் கட்டி அது திறக்கும்வரை இரண்டு நாள் கையால் பில் எழுதினோம். எங்கள் பழைய பில்களை எக்செல் கோப்பாக எடுத்துத் தரும்படி கேட்டதற்கு, அதற்கு மேலான திட்டத்தில் சேர வேண்டும் என்று பதில் வந்தது. நாங்கள் போட்ட பில்களை நாங்களே எடுக்கப் பணம் கட்ட வேண்டும் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பாக்கிங் அறையில் உள்ள கணினியில் இருக்கும் ஆபீஸ் மென்பொருள், கணினி வாங்கும்போது கடைக்காரர் போட்டுத் தந்தது. அது முறையாக விலைக்கு வாங்கிய பிரதி அல்ல என்பது பிறகுதான் தெரிந்தது. அதையும் மாற்ற விரும்புகிறோம். இரண்டு கணினிகளிலும் விண்டோஸ் 10தான் இருக்கிறது. மழைக்காலத்தில் மரம் விழுந்தால் இணையம் ஒரு நாளோ இரண்டு நாளோ வராது என்பது மலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

குறைந்த செலவில், இணையம் இல்லாமலும் பில் போடவும், ஸ்டாக் பார்க்கவும், ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கு விவரம் எடுக்கவும் வழி இருக்கிறதா? இலவச மென்பொருளை நம்பிக் கடைக் கணக்கை ஒப்படைக்கலாமா? பயன்படுத்திப் பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

ஊட்டி_வரிக்கணக்கு எழுதியது:

சகோதரி, சிறு கடைகளுக்கு ரிட்டர்ன் தாக்கல் செய்வதுதான் என் தொழில் என்பதால், அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். எந்த மென்பொருளையும் விலையைப் பார்ப்பதற்கு முன்பு இரண்டு கேள்விகளால் அளந்து பாருங்கள். விற்பனைப் பதிவேடு முழுவதையும் எந்த நாளிலும், யாரையும் கேட்காமல், ஒரு விரிதாள் கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா? சந்தா நின்ற பிறகும் பழைய பில்லைத் திறந்து பார்க்க முடிகிறதா? ஆண்டு ரிட்டர்னின் கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குப் புத்தகங்களை வைத்திருக்க வேண்டும் என்பது ஜிஎஸ்டி சட்டம். ஆறு ஆண்டுகளுக்கு ஒரே நிறுவனத்துக்குச் சந்தா கட்டிக்கொண்டே இருப்போம் என்று எந்தக் கடையாலும் உறுதி சொல்ல முடியாது.

உங்கள் நிலையில் சட்டம் எதைக் கேட்கிறது, எதைக் கேட்கவில்லை என்பதைத் தெரிந்துகொண்டால், தேவையில்லாத வசதிகளுக்குப் பணம் கட்ட மாட்டீர்கள். இ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதிந்து எண் பெறும் பில்) 5 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குத்தான். அதைக் காட்டி விற்கப்படும் திட்டம் உங்களுக்கு வேண்டாம். கம்பெனியாகப் பதிவானவர்கள், திருத்தங்களின் தடத்தை அணைக்க முடியாதபடி பதிந்து வைக்கும் மென்பொருளையே 2023 ஏப்ரல் 1 முதல் பயன்படுத்த வேண்டும் என்று கம்பெனிகள் சட்டத்தின் விதி இருக்கிறது; தனி உரிமைக் கடைக்கு அந்த விதி இல்லை. ஆனால் இதோடு நிம்மதி அடைந்துவிடாதீர்கள். கணக்கைக் கணினியில் வைத்திருந்தால், திருத்திய, நீக்கிய ஒவ்வொரு பதிவுக்கும் குறிப்பு இருக்க வேண்டும் என்று ஜிஎஸ்டி விதி 56 சொல்கிறது. அது உங்களுக்கும் பொருந்தும். வெறும் விரிதாளில் ஒரு கட்டத்தை அழித்து வேறு எண்ணைப் போட்டால் எந்தத் தடமும் இருக்காது. ஆகவே விரிதாள் துணைக்கு இருக்கலாம்; மூலக் கணக்கு அதில் இருக்கக் கூடாது.

விற்றுமுதலில் ஒரு சிறிய சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்பொசிஷன் திட்டத்துக்கு மாறிவிட்டால் கணக்கு எளிதாகிவிடும் என்று சிலர் சொல்லக்கூடும். வெளிமாநிலத்துக்குப் பொருள் அனுப்புபவர்கள் அதில் சேர முடியாது. கொச்சிப் பார்சல்களை நிறுத்தினால்தான் உண்டு. மாறாக, காலாண்டுக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் திட்டத்தில் 5 கோடி வரை விற்றுமுதல் உள்ளவர்கள் சேரலாம். அதில் சேர்ந்திருக்கவில்லை என்றால் சேருங்கள். வரியை மட்டும் மாதந்தோறும் கட்டினால் போதும்.

ஜிஎஸ்டிஆர் 1 என்ற விற்பனை விவர ரிட்டர்னைத் தயாரிக்கும் ஆஃப்லைன் கருவி ஜிஎஸ்டி இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸில் இயங்கும். பில் விவரங்களைச் சிஎஸ்வி (எளிய அட்டவணை வடிவ) கோப்பாகக் கொடுத்தால், அதுவே இணையதளம் ஏற்கும் ஜேசான் வடிவக் கோப்பாக மாற்றித் தரும்; இணையம் வந்த நாளில் அதை ஏற்றினால் போதும். எனவே உங்கள் மென்பொருள் நேரடியாக ரிட்டர்ன் போட வேண்டியதில்லை. ஒழுங்கான சிஎஸ்வி கொடுத்தால் போதும்.

சீசன் கூட்டத்துக்கு ஒரு செய்தி. ஜிஎஸ்டி பதிவு பெறாத வாடிக்கையாளர் வாங்கும் பொருள் 200 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, அவர் பில் கேட்கவில்லை என்றால், தனித்தனி பில் தேவையில்லை. அன்றைய அத்தகைய விற்பனை முழுவதுக்கும் கடை மூடும்போது ஒரே பில் போடலாம். ஆனால் எந்த விகிதத்தில் எவ்வளவு விற்றது என்பதைப் பிரித்துக் குறித்துவையுங்கள்.

பில்லில் முகவரி பதியும்போதும் கவனம் வேண்டும். பதிவு பெறாதவருக்கு விற்கும்போது, பில்லில் பதிந்த முகவரி எந்த மாநிலத்தைச் சேர்ந்ததோ அதுவே வழங்கல் இடம், அதாவது எந்த மாநிலத்து விற்பனை என்று வரிக்குக் கணக்கிடும் இடம். முகவரி பதியாவிட்டால் உங்கள் கடை இருக்கும் இடம். இது 2023 அக்டோபர் முதல் வந்த மாற்றம். கேரளப் பயணியின் மாநிலத்தைக் கவுண்டர் பில்லில் தேவையில்லாமல் பதிந்துவிட்டுத் தமிழ்நாட்டு வரியைப் போட்டால் கணக்கு இடறும். புதிய மென்பொருளில் ஒரு பார்சல் பில்லும் ஒரு கவுண்டர் பில்லும் போட்டு, இரண்டிலும் வரி சரியாகப் பிரிகிறதா என்று முதலில் பாருங்கள்.

பெயர் சொல்லிக் கேட்டால்: ஜோஹோ புக்ஸின் இலவசத் திட்டம் ஆண்டு வருவாய் 25 லட்சத்துக்குள் உள்ளவர்களுக்குத்தான்; நீங்கள் அந்த வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். மேலும் அது இணையத்தில் இயங்குவது. டாலி பிரைம் விலை கொடுத்து வாங்க வேண்டியது. ஆனால் கணினியிலேயே, இணையம் இல்லாமல் இயங்கும். நிரந்தர உரிமத்தில் வாங்கினால், ஆண்டுப் புதுப்பிப்பு முடிந்த பிறகும் கையில் உள்ள பதிப்பு நின்றுவிடாது. அதைத் தெரிந்த கணக்கர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள் என்பதும் ஒரு பயன். மென்பொருள் இலவசமாக இருந்து, அதைப் புரிந்துகொள்ள ஆள் கிடைக்காவிட்டால் செலவு வேறு வழியில் வந்து சேரும்.

---

கோத்தகிரி_கணினிப்பணி எழுதியது:

பதினைந்து ஆண்டுகளாக இந்த மலையில் கடைகளுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் கணினி பழுது பார்த்து வருகிறேன். இலவச மென்பொருளை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நம்பக் கூடாதது, உரிமப் பூட்டை உடைத்துப் போடும் அந்தக் கிராக் பிரதிதான். ஒரு மே மாதம், கிராக் செய்த பில்லிங் மென்பொருள் வைத்திருந்த கடை ஒன்றில், கோப்புகள் எல்லாம் பூட்டப்பட்டு, பணம் கேட்கும் அறிவிப்பு திரையில் நின்றது. பேக்அப் இல்லை. கடைக்காரரும் அவர் மகளும் மூன்று வாரம் இரவில் உட்கார்ந்து, கார்பன் நகல்களைப் பார்த்து ஒவ்வொரு பில்லாகத் திரும்ப ஏற்றினார்கள். அந்தக் காட்சியை என்னால் மறக்க முடியவில்லை. சட்டப்படியும் அது சிறிய தவறல்ல: உரிமம் இல்லாத பிரதி என்று தெரிந்தே பயன்படுத்தினால், பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. நீங்களாகவே மாற்ற முன்வந்தது நல்ல காரியம்.

பாக்கிங் அறைக் கணினிக்கு, கடிதமும் விரிதாளும் எழுத உதவும் லிப்ரே ஆபீஸ் போதும். அது 2010இல் ஓபன் ஆபீஸிலிருந்து பிரிந்து வளர்ந்த கட்டற்ற மென்பொருள், அதாவது யாரும் இலவசமாகப் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் கூடியது. கடைக்கும் வீட்டுக்கும் எத்தனை கணினியில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். எக்செல் கோப்புகளைத் திறக்கும், அதே வடிவில் சேமிக்கவும் செய்யும். மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) எழுதிய கோப்புகளில் மட்டும் சிக்கல் வரும். பொருள் ஒட்டிகளுக்கு வேண்டிய பார்கோடும் க்யூஆர் குறியும் அதிலேயே உருவாக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. கணினி விண்டோஸ் 11க்குத் தகுதி பெறாவிட்டால் அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பாக்கிங் அறைக் கணினியில், விண்டோஸுக்குப் பதிலாக இயங்கும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் போடுங்கள். 22ஆம் வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) போட்டால், எட்டு ஆண்டுப் பழைய கணினியும் நன்றாகவே ஓடும். கவுண்டர் கணினியை மட்டும் அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். தெர்மல் பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர், எடைத் தராசு என்று அங்கே இணைந்திருப்பவை பல. ரிட்டர்ன் கருவிக்கும் ஒரு விண்டோஸ் கணினி வேண்டும். அந்த ஒன்றுக்கு மட்டும் முறையான விண்டோஸ் 11 வாங்கிக்கொள்ளுங்கள்.

பில்லிங்குக்கு நான் இரண்டு கடைகளில் ஃபிராப்பே புக்ஸ் போட்டுத் தந்திருக்கிறேன். கட்டற்ற மென்பொருள், இந்தியாவில் உருவானது, இணையம் தேவையில்லை, கவுண்டர் விற்பனைக்கான திரை இருக்கிறது. கணக்கு முழுவதும் ஒரே கோப்பில் நம் கணினியிலேயே இருக்கும். வரி விகிதம் மாறினால் நாமே மாற்றிக்கொள்ளலாம். உறுதி செய்த பில்லைத் திருத்த முடியாது. ரத்து செய்துவிட்டு வேறு பில் போட வேண்டும். அதன் குறை, ஒரே சமயத்தில் ஒரு கணினியில்தான் வேலை செய்ய முடியும் என்பது. இரண்டு கவுண்டர் வேண்டுமென்றால் அதே நிறுவனத்தின் ஈஆர்பிநெக்ஸ்ட் இருக்கிறது; கடைக்குள்ளேயே ஒரு கணினியைச் சர்வராக வைத்து, வெளி இணையம் இல்லாமல் ஓட்டலாம். ஆனால் அதைப் பராமரிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் தவிர, நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. சீசன் ஞாயிற்றுக்கிழமையில் அது நின்றுவிட்டால், உதவி கேட்டு மலையிறங்க முடியாது.

பேக்அப் பற்றி விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனென்றால் இலவச மென்பொருளில் அந்தப் பொறுப்பு முழுவதும் நம்முடையது. இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். ஒன்று கடையில், ஒன்று வீட்டில். தினமும் கடை மூடும்போது கணக்குக் கோப்பைக் கடை டிஸ்க்கில் நகலெடுத்து, வாரம் ஒருமுறை இரண்டையும் மாற்றிக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை அந்த நகலை வேறு கணினியில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்அப்பைப் பேக்அப் என்று நான் கணக்கில் எடுப்பதில்லை. நம் ஊர் மூடுபனியின் ஈரத்தில் டிஸ்க்கின் இணைப்பு முனைகள் அரித்துப்போகும். காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள். யூபிஎஸ் இல்லாமல் பில்லிங் கணினியை ஓட்டாதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பு சிதையும்.

---

தாண்டிக்குடி_காப்பி எழுதியது:

பழனி மலையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தோட்டத்துக் காப்பியை வறுத்து, அரைத்து, பாக்கெட்டில் விற்கிறோம். விற்பனை சிறியது, ஜிஎஸ்டி பதிவு தேவைப்படும் அளவை எட்டவில்லை. எனவே ஊட்டி நண்பர் சொன்ன விதிகள் இப்போதைக்கு எங்களைத் தொடவில்லை. லிப்ரே ஆபீஸ் விரிதாளிலேயே காலத்தை ஓட்டுகிறோம். அதன் பட்டியல்களைத் தமிழில் வைத்துக்கொள்ள முடியும் என்பதால், பள்ளிப் படிப்போடு நின்ற என் தாயார் அறுவடைக் கூலிக் கணக்கைத் தாமே பதிந்துவிடுகிறார். இதற்காகவே அந்த மென்பொருள் மீது எனக்குப் பற்று உண்டு.

மேக்ரோ பற்றிச் சொன்னது உண்மை. உறவினர் ஒருவர் எக்செல்லில் அழகாகச் செய்து தந்த ஸ்டாக் கோப்பு, லிப்ரே ஆபீஸில் பொத்தானை அழுத்தினால் பிழை காட்டியது. அதைச் சரிசெய்ய முயன்று பல நாட்களை வீணாக்கிய பிறகு, மேக்ரோவே இல்லாமல், வரவு, செலவு என்ற இரண்டே தாள்களும் அவற்றைத் தொகுத்துக் கூட்டிக் காட்டும் ஒரு பிவட் அட்டவணையுமாக எழுதிக்கொண்டேன்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன்: பாக்கெட் லேபிள். அதற்காகவும் நீங்கள் யாருக்கோ பணம் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். நாங்கள் இங்க்ஸ்கேப் என்ற கட்டற்ற வரைகலை மென்பொருளில் வரைகிறோம். தமிழ் எழுத்துகள் யூனிகோடில் ஒழுங்காக வருகின்றன; கொம்பும் காலும் இடம் மாறுவதில்லை. சிக்கல் அச்சகத்தில் வந்தது. அவர்கள் கோரல் டிரா என்ற வேறொரு வரைகலை மென்பொருளின் சிடிஆர் கோப்பு கேட்டார்கள். நான் அனுப்பிய கோப்பில் இருந்த எழுத்துருவும் அவர்களிடம் இல்லை. பழைய எழுத்துருவில் அவர்களே திரும்பத் தட்டச்சு செய்ததில் எங்கள் ஊர்ப் பெயரே பிழையாக அச்சாகி வந்துவிட்டது. அதன் பிறகு, எழுத்துகள் அனைத்தையும் கோட்டுருவமாக (வெறும் கோடுகளால் ஆன வடிவமாக) மாற்றி, பிடிஎஃப் கோப்பாக அனுப்புகிறேன். கோட்டுருவமான எழுத்துக்கு எழுத்துரு தேவையில்லை. அதைத் தட்டச்சு செய்து யாரும் திருத்தவும் முடியாது. மாற்றுவதற்கு முன்பு மூலக் கோப்பைத் தனியாகச் சேமித்துவிடுங்கள். அடுத்த முறை விலையையோ உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணையோ மாற்ற அதுதான் வேண்டும். நிறத்தை மட்டும் ஒரு மாதிரித் தாளில் அச்சிட்டுப் பார்த்துவிட்டு ஒப்புதல் கொடுங்கள். திரையில் தெரியும் பச்சை தாளில் அப்படியே வராது.

---

குன்னூர்_தேயிலைக்கடை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு வாரம் சோதித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

பாக்கிங் அறைக் கணினியில் லினக்ஸ் மின்ட்டும் லிப்ரே ஆபீஸும் போட்டாகிவிட்டது. அண்ணனுக்கு முதல் இரண்டு நாள் தடுமாற்றம் இருந்தது, இப்போது பழகிவிட்டார். பழைய உரிமமில்லாத மென்பொருள் கடையில் எங்குமே இல்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

கவுண்டர் கணினியில் ஃபிராப்பே புக்ஸை வைத்து, பழைய மென்பொருளோடு சேர்த்து இரண்டிலும் ஒரே பில்களைப் போட்டுப் பார்த்தோம். வரித் தொகைகள் ஒத்து வந்தன. ஒரு கொச்சிப் பார்சலும் ஒரு கவுண்டர் பில்லும் சரியாகப் பிரிந்தன. தெர்மல் பிரிண்டரில் மட்டும் வலது ஓரத்தில் தொகையின் கடைசி எண் வெட்டுப்பட்டது. அச்சு வார்ப்புருவில் தாள் அகலத்தைக் குறைத்த பிறகு சரியானது.

இப்போது இரண்டு ஐயங்கள். குனூகேஷ் என்ற மென்பொருளையும் ஒருவர் பரிந்துரைத்தார். அது இதைவிட நல்லதா? அடுத்து, செப்டம்பரில் சில மாதங்களுக்கு மட்டும் கட்டிய சந்தா பிப்ரவரியில் முடிகிறது, உடனே மாறிவிடலாமா?

---

கோத்தகிரி_கணினிப்பணி எழுதியது:

குனூகேஷ் நீண்ட காலமாக இருக்கும், நம்பகமான இரட்டைப் பதிவு (ஒவ்வொரு தொகையையும் பற்று, வரவு என இரு பக்கமும் பதியும்) மென்பொருள்; லெட்ஜர், அதாவது பேரேடு, எழுத மிகவும் ஏற்றது. கவுண்டருக்கு ஏற்றதல்ல. ஒவ்வொரு பில்லுக்கும் வாடிக்கையாளரைத் தெரிந்தெடுத்து, பதிந்து, பிறகு கணக்கில் ஏற்ற வேண்டும். வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது அது நடக்காது. தோட்டமோ வாடகை வீடோ இருந்து, நாளைக்கு ஐந்தாறு பதிவுகளே வருமென்றால் அதைப் போடலாம். அப்படிப் போடுபவர்கள் அமைப்புப் பக்கத்துக்குச் சென்று, திருத்தங்களைக் குறித்துவைக்கும் பதிவுத் தடக் கோப்புகளை எப்போதும் வைத்திருக்கும்படி மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் 30 நாளில் அவற்றை அதுவே நீக்கிவிடும்.

---

ஊட்டி_வரிக்கணக்கு எழுதியது:

பிப்ரவரியில் மாற வேண்டாம், சகோதரி. முடிந்தால் பழைய மென்பொருளை ஒரு மாதத்துக்கு மட்டும் நீட்டித்து, மார்ச் 31 வரை அதிலேயே பில் போடுங்கள். பில் எண் ஒரு நிதியாண்டுக்குள் தொடர்ச்சியாகவும், ஒருமுறை வந்தது மறுமுறை வராமலும், 16 எழுத்துக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது விதி. ஏப்ரல் 1 அன்று புதிய வரிசையில் தொடங்கினால் இரண்டு மென்பொருளின் எண்களும் மோதாது. ஆண்டுக் கணக்கும் இரண்டாகப் பிளக்காது.

மேலான திட்டத்துக்கு மாறினால்தான் பழைய பில்கள் கிடைக்கும் என்று சொன்னார்கள் அல்லவா? அந்த ஒரு மாத நீட்டிப்புக்குள், ஒவ்வொரு மாதத்து விற்பனைப் பதிவேட்டையும் பிடிஎஃப்பாகவாவது எடுத்துவையுங்கள். தாக்கல் செய்த ரிட்டர்ன்களை ஜிஎஸ்டி இணையதளத்திலிருந்தும் இறக்கிக்கொள்ளலாம். பதிவேட்டின் மாத மொத்தமும் அதுவும் ஒத்துப் போகிறதா என்று பார்த்து, ஒத்துப் போகாத மாதங்களை மட்டும் எனக்குக் குறித்து அனுப்புங்கள்.

செப்டம்பர் 22க்கு முன்பு விற்ற சாக்லேட் ஏதேனும் திரும்பி வந்தால், கிரெடிட் நோட்டில் (திரும்பிய பொருளின் தொகையைக் கழித்துத் தரும் சீட்டில்) பழைய பில்லில் இருந்த 18 சதவீதமே வர வேண்டும். எனவே புதிய மென்பொருளில் பழைய விகிதத்தை அழித்து எழுதாமல், இரண்டையும் தனித்தனி வரிப் பெயர்களில் வைத்திருங்கள். மார்ச் 31 இரவு தேயிலை மூட்டைகளையும் பாக்கெட்டுகளையும் எண்ணி எழுதிய தாளில் அண்ணன் கையெழுத்திடட்டும். மறுநாள் தொடக்க இருப்பாக அந்த எண்களையே ஏற்றுங்கள். பழைய மென்பொருள் காட்டும் இருப்பை ஏற்ற வேண்டாம்.